சதகுப்பையில் ஆட்குறைப்பு இல்லை

உத்தமனுக்குக் கஸ்தூரி இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலாவது, கல்யாணமான புதிதில் அவர் கண்விழித்து எழுதி அச்சடித்த துண்டறிக்கைகளை அலமாரித் தட்டில் விரித்தது. இரண்டாவது, பாடியில் தான் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் அவர் சங்கத்துக்காகச் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தபோது, மத்தியானமே தயிர்சாதத்தோடு வந்து, அத்தனை தொழிலாளர் முன்னிலையில் "துன்னுட்டு சாவு" என்றது. மூன்றாவது, மறியலில் கைதாகி அவர் உள்ளே இருந்த நேரம் பார்த்து, மகளுக்குக் கவிப்பிரியா என்று பெயர் வைத்தது. அவர் போர்க்கொடி என்று முடிவு செய்திருந்தார்.

இப்போது அந்தக் கவிப்பிரியாவே பிரசவத்துக்கு அம்பத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறப்பது ஆணோ பெண்ணோ, போர்க்கொடிதான் என்று உத்தமன் அறிவித்துவிட்டார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சதகுப்பைக் கீரை நல்லது என்று பக்கத்து வீட்டு ஜமீலா விதை கொண்டுவந்தாள். உத்தமன் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, மொட்டைமாடியில் வைத்து மண் நிரப்பினார். கீரையை வளர்க்கப்போவதும் தான்தான், பெயர் வைக்கப்போவதும் தான்தான் என்றார்.

"யாரு அத்த வளத்து ஆளாக்குறாங்களோ, அவங்களே பேரு வெக்கட்டும். ஜமீலா சாட்சி," என்றாள் கஸ்தூரி.

டிரம் அவருடையது, தண்ணீர் ஊற்றுவதும் அவர். உடனே ஒத்துக்கொண்டார். பாக்கெட்டில் இருந்த விதை முழுவதையும் தூவினார். முளைத்தபோது மண்ணே தெரியவில்லை.

"இன்னாய்யா இது, தலமுடி கணக்கா கீது? பாதியப் புடுங்கு. மத்தது மூச்சு வுடட்டும்."

"ஆட்குறைப்பா? பன்னெண்டு பேர வெளிய அனுப்புனதுக்குக் கம்பெனி கேட்டையே மூடுனவன்மே நானு. இந்த டிரம்முலேர்ந்து ஒரு ஆளு வெளிய போவாது."

கஸ்தூரி பேசாமல் படியிறங்கினாள். நிர்வாகம் வாயை மூடிக்கொண்டால் பணிந்துவிட்டது என்று பொருளில்லை, உள்ளே வேறு வேலை நடக்கிறது என்று பொருள். ஆயுசு முழுக்கச் சங்கத்தில் கிடந்த மனிதருக்கு இது மறந்துபோனது.

பேத்தி பிறந்தாள். தினமும் வீட்டில் பருப்பு போட்டுக் கீரைக் கடைசல். மாலையில் டீக்கடையில் நாட்டைத் திருத்திவிட்டு வரும் உத்தமன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். எங்கே வாங்கினாய் என்று கேட்டால் "கிட்டத்துலதான்" என்பாள். மாடியிலோ சதகுப்பை இறகு விரித்து இடுப்புயரம் நின்றது. ஒற்றுமையின் பலனைப் பாருங்கள் என்று குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

பெயர் வைக்கும் நாளில் திருமழிசையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தொட்டிலை மாடியில் பந்தல் போட்டுக் கட்டினார்கள். உத்தமன் டிரம் பக்கத்தில் நின்று, ஒருவரைக்கூட வெளியேற்றாமல் வளர்ந்த பயிர் இது என்று பேச ஆரம்பித்தார்.

"அப்ப அக்கா தெனம் இதுலேர்ந்து ஒரு புடி புடுங்கி எனக்குக் குடுத்துச்சே, அது இன்னாண்ணே?" என்றாள் ஜமீலா.

கவிப்பிரியா சிரித்தாள். "நான் துன்னதும் அதான்ப்பா. நீயும்தான் துன்ன."

உத்தமன் டிரம்மைக் குனிந்து பார்த்தார். செடிக்குச் செடி ஒரு சாண் இடம் இருந்தது. தன் தோழர்களைத் தானே கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். மகளின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. தொட்டிலில் பேத்திக்குக் கன்னம் உப்பியிருந்தது. வேலைநிறுத்தக் காலத்தில், சம்பளமே வராத வீட்டில், ஒரு நாளும் அடுப்பு அணைந்ததில்லை. அரிசி ஏது என்று கேட்டபோதும் இவள் "கிட்டத்துலதான்" என்றுதான் சொன்னாள். அவரும் அதற்குமேல் கேட்டதில்லை.

"நீதான்மே வளத்த," என்றார், குரல் இறங்கி. "அத்தயும், இதுங்களையும், என்னியும்."

"தெரிஞ்சா சரி. உன் தொண்டதான் தெருமுன வரைக்கும் கேக்கும். நீயே படி," என்று கஸ்தூரி முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தைக் கொடுத்தாள்.

கண்ணாடி போட்டுப் பார்த்தார். சுத்தமான தமிழ்ப் பெயர். ஆட்சேபிக்க ஓர் ஓட்டைகூட வைக்கவில்லை. சம்பந்தி வீட்டாரும் ஜமீலாவும் சாட்சியாக நிற்க, போர்க்கொடியின் தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆலை வாசல் கூட்டத்துக் குரலில் வாசித்தார்:

"அமைதிச்செல்வி."