எண்ணெய் போடாத ஃபில்டர்

வண்டியின் காற்று ஃபில்டரைத் தொட்ட விரல் பிசுபிசுவென்று ஒட்டியதும் பெரியவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"பார்த்தியா? எண்ணெயைக் கொட்டி வெச்சிருக்கான். எவனோ நம்ம பொண்ணு தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்."

ஷெட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அவ வண்டியில நீங்க ஏன் கை வைக்கிறீங்க?"

பெரியவர் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். கடையில் வாங்கிய சர்க்கரையை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார் என்பதால் தெருவில் அவருக்கு 'எடைக்கல்' என்று பெயர். அவர் அறிந்த லாரி ஃபில்டர் காகிதத்தில் செய்தது. அதில் எண்ணெய் பட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதுவோ ஸ்பாஞ்சு. ஸ்பாஞ்சுக்கு வேறு முறை இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்குத் தெரியாத முறையெல்லாம் அவர் அகராதியில் திருட்டு.

வண்டி மண்மேட்டில் ஏறிக் குதிக்கிற டர்ட் பைக். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் அதை வாங்கி வந்த அன்று, "இந்தச் சனியன் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று சொல்லித் தொலைத்தார். சனியன் மிதிக்கவில்லை. மகளும் மிதிக்கவில்லை. இந்தத் தடவை பந்தயத் திடல் வீட்டுக்குப் பக்கத்தில் அமைந்தது. அம்மாக்காரி போனில் அழுதாள். அதனால் வெள்ளிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வண்டியோடு வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்து பெரிய பந்தயம். அதற்காக அவள் ஒரு வருஷமாக உடம்பை உருக்கியிருந்தாள்.

அன்று சொன்னதைத் திரும்ப வாங்கப் பெரியவருக்கு வாய் வரவில்லை. கை வரும். சனிக்கிழமை காலை மகளும் மாப்பிள்ளையும் திடலைப் பார்க்கப் போன நேரம் பார்த்து ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டார். ஃபில்டரைப் பளிச்சென்று துடைத்து மாட்டிவிட்டால், மிச்சத்தை அவளே புரிந்துகொள்வாள் என்று நினைப்பு.

ஃபில்டரைப் பெட்ரோலில் ஊறவைத்தார். சிவப்பு ஸ்பாஞ்சு வெளுத்தது. திருப்தியாக எடுத்து, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழிந்தார். ஸ்பாஞ்சை ஒட்டியிருந்த வாய் பிளந்துகொண்டது.

"சிரிக்குது பாருங்க" என்றாள் மனைவி.

ஊசி நூல் கேட்டார். தைத்தார். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையை அடைக்கச் செருப்புக்குத் தடவுகிற பசையைத் தடவினார். பசை காய்ந்து கல்லானது. இன்னொரு முறை பெட்ரோலில் போட்டு எடுத்தபோது அது எலி கடித்த தலையணை மாதிரி இருந்தது. மனைவி வெங்காயத் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

உதிரிபாகக் கடைக்கு ஓடினார். எம் பொண்ணு வண்டி, நாளைக்கு ரேஸ், இதே மாதிரி வேணும் என்றார். கடைக்காரர் அவர் கையில் இருந்த பிய்ந்த ஸ்பாஞ்சை ஒரு மாதிரி பார்த்தார். இது என்ன ஆச்சு என்று கேட்காத அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர். புதுசு ஒன்று எடுத்து வைத்தார், பச்சை நிறம். பக்கத்தில் ஒரு பாட்டிலையும் வைத்தார்.

"இது என்ன?"

"ஃபில்டர் எண்ணெய் ஐயா. இதைத் தடவிப் பிசைஞ்சு மாட்டணும். எண்ணெயிலதான் தூசி ஒட்டி நிக்கும். காய்ஞ்ச ஸ்பாஞ்சு மண்ணை உள்ள விட்டுரும்."

பெரியவர் பாட்டிலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பாதிதான் இருக்கிற மாதிரி சத்தம். "தம்பி, நான் மூணு லட்சம் மைல் ஓட்டினவன். என்கிட்டயே எண்ணெய் விக்கிறியா?"

பாட்டில் கடையிலேயே இருந்தது. பச்சை ஃபில்டர் காய்ந்த வாக்கிலேயே வண்டிக்குள் போனது. ஜெயித்து வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அப்போதுதான் எடுப்பாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். திடலே புழுதியில் மறைந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர், அவள் மேட்டில் பறக்கும்போதெல்லாம் தன் கால் கட்டைவிரலால் பிரேக் போட்டார். ஐந்தாவது சுற்றில் எஞ்சின் இருமியது. ஆறாவதில் அழுதது. பிறகு சத்தமே இல்லை. மற்ற வண்டிகள் அவளைத் தாண்டித் தாண்டிப் போயின.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்க மண். எஞ்சின் உள்ளே அரைபட்டுப் போயிருக்கும், இந்த வருஷம் இனி ஓடாது என்றார். பச்சை ஃபில்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் வேலியை விட்டு வண்டியருகே வந்தார். நான்தான் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது.

அதற்குள் மாப்பிள்ளையே நிமிர்ந்து, "என் தப்புதான் மாமா. ஃபில்டருக்கு எண்ணெய் போட மறந்துட்டேன்" என்றார்.

தொண்டை வரை வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பதில் வேறொன்று வந்தது. "வேலையில கவனம் வேணும் மாப்பிள்ளை."

சொன்ன நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகள் அவரை ஒரு தடவை பார்த்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டு, "பரவாயில்லப்பா. வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.

சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள். மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே போய் நின்றார். அந்த எண்ணெய் பாட்டிலைக் கேட்டார். இந்தத் தடவை ஆட்டிப் பார்க்கவில்லை. மகள் வீட்டுக்கு நேரில் போய், பாட்டிலை அவள் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, மாப்பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்பதாக முடிவு. அங்கே சொல்ல வேண்டியதைக் கடைக்கு வரும் வழி நெடுக ஒத்திகை பார்த்தபடி வந்திருந்தார். அது நிற்காமல் கடைக்காரரிடமே கொட்டிவிட்டது.

"நீ அன்னிக்குச் சொன்னப்பவே கேட்டிருக்கணும் தம்பி. எம் பொண்ணுக்கு இன்னும் விஷயம் தெரியாது."

கடைக்காரர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றுவதை நிறுத்தினார்.

"தெரியாதா? ஞாயித்துக்கிழமை காலையில ரேஸுக்கு முன்னாடி கையுறை வாங்க ரெண்டு பேரும் இங்கதான ஐயா வந்தாங்க. ரேஸுன்னதும் உங்க பொண்ணுதான்னு புரிஞ்சுது. உங்க அப்பா எண்ணெய் வாங்காம போயிட்டாரு, அப்படியே ஓட்டினா எஞ்சின் போயிரும்னு இதே பாட்டிலை எடுத்துக் கையில கொடுத்தேன். 'இப்பத்தான் எங்கப்பா என் வண்டியில கை வெச்சிருக்காரு, அவர் மாட்டினதை நான் கழட்ட மாட்டேன்'னு திருப்பி வெச்சிட்டுப் போயிட்டாங்க."