பெருமூச்சு மட்டும் பாக்கி

“பாட்டு ஓகே சார். பெருமூச்சுதான் சரியா வரல,” என்றார் ஒலிப்பதிவாளர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பாடகர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் விட்ட மூச்சை வீணாக்காமல் பிடித்து வைத்திருந்தால் ஒரு பலூன் கடையே திறந்திருக்கலாம்.

இளமையில் அவர் பாடிய அந்தப் பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். ஊர் உலகமெல்லாம் மயங்கியது பாட்டில் இல்லை, அந்த மூச்சில்தான். அதைக் கேட்டுக் காதலித்தவர்கள் உண்டு. கேட்டுவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தியவர்களும் உண்டு. விமர்சகர் ஒருவர் அந்த மூச்சைப் பற்றி மட்டும் ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அதன் பிறகு பாடகர் எவ்வளவோ பாடித் தீர்த்தார். பெருமூச்சுக்காரர் என்ற பெயர்தான் நிலைத்தது.

இப்போது ஒரு படத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டிருந்தார்கள். பழைய பதிவு பழைய கம்பெனியின் சொத்து. மூச்சை மட்டுமாவது வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, பாட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாடிக்கொள்ளுங்கள், மூச்சு எங்களுடையது என்று பதில் வந்தது. மாலைக்குள் மூச்சு வராவிட்டால் வேறு பாட்டைப் போட்டுக்கொள்வதாக இயக்குநர் சொல்லிவிட்டார். பல வருஷமாக யாரும் சீந்தாத மனிதருக்கு வந்த ஒரே அழைப்பு அது.

ஒலிப்பதிவாளர் அவரை மாடிப்படி ஏறி இறங்கி வரச் சொன்னார். வந்து நின்றதும் இரைப்புதான் வந்தது. அது அடங்க வெந்நீர் குடித்தார். அடுத்த முறை ஒரு ஏப்பம் பதிவானது, அதுவும் சுருதி பிசகாமல்.

“அன்னைக்கு யாரை நினைச்சீங்களோ அவங்களையே நினைச்சுப் பாருங்க சார். பேட்டியில எல்லாம் சொல்லுவீங்களே.”

தன்னை விட்டுப் போன ஒருத்தியை நினைத்து நெஞ்சு வெடித்து வந்த மூச்சு என்றுதான் பேட்டிகளில் சொல்வார். உண்மையில் அவரை விட்டு யாரும் போனதில்லை. போகிற அளவுக்கு யாரும் வந்ததும் இல்லை. தவிர, பாட்டு பதிவானது அவருக்குக் கல்யாணமான மறுவாரம். இது எப்படிப் பொருந்தும் என்று எந்த நிருபரும் கேட்டதில்லை. மனைவியும் கேட்டதில்லை. பேட்டியை முழுக்கப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள்.

அந்த மனைவி இப்போது அவருக்குப் பக்கத்திலேயே, பாட்டு எழுதிய தாளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவரே பிடித்தால் கை நடுங்கித் தாள் சரசரக்கும். அந்தக் காலத்திலிருந்தே அது அவள் வேலை. விட்டுப் போனவளை நினைக்கக் கண்ணை மூடிய பாடகர், ஒரு கண்ணை மட்டும் திறந்து மனைவியைப் பார்த்தார். விக்கல் வந்தது.

வேறு வழியில்லாமல் மிமிக்ரிக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். மேடை மேடையாக அந்த மூச்சை விட்டே சொந்த வீடு கட்டியவர் அவர். வந்தார், பாடகரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார், முதல் தடவையிலேயே அச்சு அசலாக விட்டார். இதையே வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒலிப்பதிவாளர். பாடகருக்கு முகம் செத்துவிட்டது. தன் மூச்சுக்கு டூப் போடுவதைவிடத் தான் மூச்சை நிறுத்திக்கொள்வதே மேல் என்றார்.

மிமிக்ரிக்காரர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். “நீங்க காதல் சோகத்துல விடுறீங்க சார். அதுல காதலே இல்ல. மாட்டிக்கிட்டோம், இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு ஆள் ஓய்ஞ்சு போய் விடுற மூச்சு அது.”

“இவர் ஒருத்தர்தான் சரியா கேட்டிருக்கார்,” என்றாள் மனைவி.

அடுத்தவன் வந்து தன் மூச்சைத் தனக்கே சொல்லிக்கொடுக்கும் நிலை பாடகரைச் சுட்டது. மறுபடி பாடினார். ரோஷத்தில் பழைய பாட்டில் இல்லாத சங்கதிகளையெல்லாம் போட்டார். சரணத்தின் கடைசி வரியை இழுத்தார், விட்டார், மறுபடி பிடித்து இழுத்தார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

ஸ்பீக்கரில் அந்தப் பெருமூச்சு வந்தது. அதேதான். ஒலிப்பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மிமிக்ரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடகர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

“வந்துடுச்சு பாத்தீங்களா? எங்கேயும் போகல. எனக்குள்ளேயேதான் இருந்திருக்கு.”

மனைவி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, கடுத்துப்போன தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“கல்யாணமான புதுசுலயும் இப்படித்தான் தாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்,” என்றாள். “இந்தப் பாட்டு எப்பதான் முடியுமோன்னு அன்னைக்கும் நான்தான் மூச்சு விட்டேன்.”