அப்பாவின் தலை வெடித்த நாள்

என் அப்பா இறந்து சரியாக ஒரு வருடம் கழித்து, அவருடைய தலையை நான் வெடிக்க வைத்தேன். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் மறைத்துப் பயனில்லை. நாற்பது பேர் சாட்சி. அதில் ஒருவர் போதகர்.

அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டியவர். 1960களின் தொடக்கத்தில் ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். அவரைப் படம் பிடித்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டையின்போது எடுத்த குரூப் போட்டோவில். படக்காரர் அசையாதீர்கள் என்று சொன்ன அதே நேரத்தில் வெளியே அப்பாவின் மாடு கத்தியிருக்கிறது. திரும்பிவிட்டார். படத்தில் எல்லோருக்கும் முகம் இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு புகை. (பின்னால் மாடு நன்றாக விழுந்திருக்கிறது.)

அவர் போய்ப் பத்து மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு புடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"உங்கப்பா மொகம் வர மாட்டேங்குது, ஏட்டி. வேட்டி வருது, துண்டு வருது, நடை வருது. மொகத்துக்கிட்டப் போனா அந்தப் போட்டோப் புகைதான் வருது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கலாம். ஆனால் இருபது வயதில் எனக்கு இவ்வளவு சுலபமான யோசனைகள் வந்ததில்லை. அப்பாவின் முகத்தை நானே களிமண்ணில் செய்து, முதல் வருட ஜெபத்தன்று அம்மாவின் மடியில் வைப்பது என்று முடிவு செய்தேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டியின், அதாவது புஸ்வாணத்தின், அடியில் களிமண் வைத்து அடைக்கிற வேலை எனக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே அளவு மண், ஒரே மாதிரி இடி. ஒரு சட்டிக்கும் அடுத்த சட்டிக்கும் வித்தியாசம் தெரிந்தால் கண்காணி திட்டுவார். தினமும் மண்ணைத் தொடுவதால் எனக்குச் சிலையும் வரும் என்று நம்பினேன். (தினமும் பஸ்ஸில் போகிறவர் பஸ்ஸை ஓட்டக் கிளம்பினது மாதிரிதான்.)

சுத்தமான மண் மூட்டையில் கை வைத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் வெடிமருந்து நிரப்புகிற மேசைக்குக் கீழே சிந்திக் கிடந்த மண்ணை அள்ளித் தூக்குவாளியில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த மண்ணில் வெள்ளி கலந்தது போல ஒரு மினுமினுப்பு. அப்பாவுக்குப் பொருத்தமான மண் என்று பெருமைப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பியதும் சேலையை நன்றாக உதறி, கை கால் கழுவிவிட்டுத்தான் அடுப்பை நெருங்குவோம். நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நானும் ஒருநாள் தவறாமல் கழுவினேன். மண்ணைத்தான் கழுவவில்லை.

கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஆறு வாரம் வேலை நடந்தது. முதலில் வந்த முகம் எங்கள் கண்காணி மாதிரி இருந்தது. அதைக் கலைத்ததும் பூசணிக்காய் வந்தது. பிறகு ஒருநாள், அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இல்லாததால் ஒரு கன்னம் உள்வாங்கியிருக்கும் என்பது ஞாபகம் வந்து, கட்டைவிரலால் அங்கே அழுத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சந்தோஷமாகவும் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பகல் முழுக்க யாரோ கேட்ட அளவுக்கு மண்ணை இடித்த கை, சாயங்காலம் தனக்கு வேண்டியதைச் செய்தது. அந்த ஆறு வாரமும் கம்பெனிப் பாடு எனக்குப் பாடாகவே தெரியவில்லை.

காய வைத்தபோது வெயிலில் தாடை விரிசல் விட்டது. சுட்டால்தான் நிற்கும். ஜெபத்தன்று வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, பெரிய சட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டி என் அண்ணன் செல்லத்துரையின் கையில். அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அப்பாவின் தலையைக் கங்குக்குள் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல முக்காடு போட்டுக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்தேன்.

மறைந்த நம் சகோதரர் இப்போது எந்தச் சத்தமும் இல்லாத இடத்தில் இளைப்பாறுகிறார் என்று போதகர் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் 'டப்' என்றது. அடுத்தது இன்னும் பலமாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளிப் பொறி சீறியது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாரும் என்னவென்று விசாரிப்பதில்லை. கண் திறப்பதற்குள் நாற்பது பேரும் வீட்டை விட்டு வெளியேறி, கரிசல் காட்டில் குப்புறப் படுத்திருந்தோம். முதலில் போய்ப் படுத்தவர் போதகர். பிறகு படுத்தபடியே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆட்களின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முத்தம்மா இருக்கியா, இருக்கேன். ராசையா, இருக்கேன். அன்றைக்குக் கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. பதில் வராத நாட்களையும் அங்கே படுத்திருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அம்மா என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

பின்பக்கத்திலிருந்து அண்ணன் கரண்டியோடு வந்தான். சட்டையெல்லாம் குழம்பு.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, எந்திரிங்க. ஆனா கொழம்புல ஒரு மூக்கு கெடக்கு" என்றான்.

போதகர் மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "யாரு மூக்கு?"

"அப்பா மூக்கு" என்றேன் நான்.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்ததையெல்லாம் எழுதினால் தாள் போதாது. "ஆளக் கொல்லப் பாத்தியே, பாவி. அந்த மண்ணையா அடுப்புல வைப்பாக?" என்று பெரியம்மா கையை ஓங்கினாள். அடித்திருந்தாலும் நியாயம்தான். குழம்பை யாரும் தொடவில்லை. (ஒருவர் தொட்டார். அவர் பிரசங்கம் செய்கிறவர் என்பதால் பெயர் வேண்டாம்.) அம்மாவுக்கு முகத்தைக் கொடுக்கப் போய், மிச்சமிருந்ததையும் எரித்துவிட்டோமே என்று நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

எட்டிப் பார்த்தபோது அம்மா அடுப்புக் குழிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, இடுக்கியால் சாம்பலைக் கிளறித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். குழம்பில் கிடந்த மூக்கும் முன்னால் இருந்தது.

"இங்கன வா. இது அவுக மூக்கு இல்ல. அவுகளுக்கு நுனி எடப்பக்கம் சாயும்" என்றாள். சொன்னவள் தன் மூக்கு நுனியை விரலால் இடப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு அடுத்த துண்டை எடுத்தாள். "நெத்தி இம்புட்டு அகலம் கெடையாது. புருவத்துல ஒரு தழும்பு உண்டு, கல்யாணத்தன்னைக்கே பாத்தேன்." என் வேலையில் ஒவ்வொரு துண்டாகக் குற்றம் கண்டுபிடித்தாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒரு காது கிடைத்தது. கீறல்கூட இல்லை. வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது அவுக காதுதான்."

கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று முதல் அது அவள் தலையணைக்கடியில் இருந்தது. ஒருநாள் அதோடு பேசுவதைக் கேட்டேன். "உசுரோட இருந்தப்ப நான் வாயத் தொறந்தா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவீக. இப்ப எங்கன போவீக?" முப்பது வருடக் குறையையும் சொல்லித் தீர்த்தாள். எங்கள் வீட்டில் யாராவது நை நை என்று புலம்பினால், போய் அப்பா காதுல சொல்லு என்பது அப்போது வந்த வழக்கம். இன்றைக்குப் பேரன் பேத்திகளும் சொல்கிறார்கள்.

கம்பெனியில் நான் அடைத்த பூச்சட்டிகள் எந்தெந்த ஊரில் எரிந்து முடிந்தனவோ தெரியாது. இது நான் செய்தது என்று காட்ட அந்த ஒரு காதுதான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இப்போதும் மண் பிசைகிறேன், கண்மாய் மண்ணாகப் பார்த்து. நன்றாக வருவதில்லை. அதற்காக விடுவதுமில்லை.

அம்மா இறந்தபோது பெட்டியை மூடுவதற்கு முன் அண்ணன் அந்தக் காதை எடுத்து வந்து அவள் கைக்குள் வைக்கப் போனான்.

"வேண்டாம்ணே. எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு" என்றேன்.

அவன் காதை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அப்படின்னா, அம்மா பொறப்பட்டுட்டாள்னு மொதல்ல சொல்லு."