ஒரு ஜோடி மாட்டினால் போதும்

"இன்னிக்கு நிகழ்தகவுப் பாடம் சார். வகுப்புல ஐம்பது பேர் இருக்காங்க. எப்படியும் ரெண்டு பேருக்கு ஒரே தேதியில பிறந்தநாள் வரும். நூத்துக்குத் தொண்ணூத்தேழு வாய்ப்பு. பிள்ளைங்ககிட்ட சொல்லலை, சொன்னா சுவாரசியம் போயிடும்" என்று வாசலிலேயே துறைத் தலைவரிடம் கிசுகிசுத்தாள் புது விரிவுரையாளர்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பிறந்த தேதியைச் சொன்னார்கள். கரும்பலகை நிரம்பியது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

அவளுக்கு வியர்த்தது. "எல்லாரும் சரியாத்தானே சொன்னீங்க?"

"ஆமா மேடம்!" கூரை அதிர்ந்தது. போச்சு, இனி சந்தேகப்படவும் வழியில்லை.

தன் தேதியைச் சேர்த்தாள். பொருந்தவில்லை. தலைவரின் தேதியைக் கேட்டாள். "என்னை எதுக்கும்மா இழுக்கறீங்க?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். அதுவும் பொருந்தவில்லை.

"சரி, உங்க அம்மாவோட பிறந்தநாளைச் சொல்லுங்க!"

வகுப்பு திருதிருவென்று விழித்தது.

"எங்கம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது மேடம்" என்றான் ஒருவன்.

நாலைந்து பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெண் தேம்பவே ஆரம்பித்துவிட்டாள். கணக்கு வகுப்பு இழவு வீடு மாதிரி ஆனது.

அவள் கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். "சார், பிறந்த கிழமை கேக்கட்டுமா? கண்டிப்பா பொருந்தும்" என்றாள் மெதுவாக.

"ஏழு கிழமை, ஐம்பது பேர். பொருந்தாம எங்க போகும்மா? அதுக்கு நிகழ்தகவு எதுக்கு?" பேனாவை மூடினார். "மணி அடிச்சதும் என் ரூமுக்கு வாங்க."

அவர் போனதும் அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இதற்கு முன் மூன்று கல்லூரிகளில் தற்காலிக வேலை பார்த்து அலுத்துப் போயிருந்தாள். இதுவாவது நிலைக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புத் தலைவி முகமெல்லாம் பெருமையாக மேசையருகே வந்தாள்.

"பயப்படாதீங்க மேடம். இந்தப் பாடத்துக்குப் பிறந்தநாள் கேப்பாங்கன்னு சீனியர் அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. நம்ம வகுப்புல மூணு ஜோடிக்கு ஒரே தேதி. சார் முன்னாடி உங்களுக்குக் குழப்பம் வரக் கூடாதேன்னு நேத்தே ஆளுக்கொரு தேதியா மாத்தி வச்சுட்டோம்!"