அறுபது படமும் அசையாத மச்சானும்

இந்த முறை மச்சான் என் வீட்டுப் படியேறக் கூடாது. இதுதான் என் தீர்மானம்.

போன தடவை நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனுஷன் நாற்பத்தொரு நாள் இருந்தார். என் நாற்காலி, என் தலையணை, என் செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் அவரே வாரிசு. நான் வாயைத் திறந்தால், "எங்க அண்ணன் தனியா இருக்காங்க, பாவம்" என்பாள் என் மனைவி. தனியாக இருப்பது பாவமா வரமா என்று என்னையல்லவா கேட்க வேண்டும்?

வராதே என்று நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் கடிகாரத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

கைக்கடிகாரங்களை மிக நெருக்கத்தில் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. தெருமுனைக் கடிகாரக் கடைக்காரர் என்னை நம்பி ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கொடுத்திருந்தார். கடைச் சுவரில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டும், சனிக்கிழமை நாலு மணிக்குள். நன்றாக வந்தால் மற்றவற்றையும் தருவார். இப்படி ஒருத்தர் கேட்க மாட்டாரா என்று பதினோரு வருஷமாக ஏங்கியவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி, "அண்ணன் நாளைக்கு வர்றாங்களாம்" என்றாள்.

"வரட்டும். ஆனா நான் கடிகாரத்தைப் படம் எடுக்கணும். வீடு அதிரக் கூடாது."

"ஒரு படம்தானே. டக்குனு எடுத்துடுங்க."

"ஒண்ணு இல்லை. அறுபது."

"ஒரு கடிகாரத்துக்கு அறுபதா? நம்ம கல்யாணத்துக்கே முப்பத்தாறுதான் எடுத்தாங்க. அதுலயும் ஆறுல நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். அவ்வளவு கிட்டத்தில் போனால் முள் தெளிவாகத் தெரியும்போது எண் மங்கிவிடும். எண் தெளிந்தால் முள் மங்கிவிடும். அதனால் கேமராவை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அறுபது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். நகர்த்துவதற்கு ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் தானே நகர்ந்து தானே எடுக்கும். நடுவில் ஒரு அதிர்வு வந்தால் போச்சு. எங்கள் வீடோ மாடியில், பலகைத் தரை.

"நடந்தா அதிருமா?"

"அதிரும். கத்தினா, காலை உதைச்சா, கதவை அறைஞ்சா, எல்லாத்துக்கும் அதிரும்."

"சும்மா உக்காந்திருந்தா?"

"அதுக்கு எப்படி அதிரும்?"

"சரி, அண்ணன்கிட்ட சொல்லணும். எழுதிக் கொடுங்க."

பேசியதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். என்னை மாதிரிப் புத்திசாலி இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மச்சான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், என் வீட்டில், என்னைப் பார்த்து.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன். "நான் என்ன சொன்னேன்?"

"படிச்சுக் காட்டினேன். உக்காந்திருந்தா அதிராதுன்னு இருக்கு. உக்காந்திருக்காங்க."

உள்ளறைக்குப் போனேன். கடிகாரத்தின் திருகை இழுத்து முள்ளை விளம்பரங்களில் வருகிற மாதிரி பத்து மணி பத்து நிமிஷத்தில் நிறுத்தினேன். தூசியை ஊதினேன். பட்டனை அமுக்கிவிட்டு, மச்சான் அசைந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கூடத்துக்கு வந்தேன்.

அவர் அசையவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்தையே மணிக்கணக்கில் படிக்கிற மனுஷனை எவன் பொறுப்பான்? குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

முதல் தடவை, பன்னிரண்டு என்ற எண் இரண்டு பன்னிரண்டாக விழுந்திருந்தது. இரண்டாம் தடவை முள்ளுக்குப் பக்கத்தில் இன்னொரு முள். மூன்றாம் தடவையும் நாசம். மணி இரண்டு. கடைக்காரர் போன் செய்தார். "நாலு மணிக்கு வரலைன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடறேன் சார்."

"எல்லாம் உங்க அண்ணனாலதான்" என்று மனைவியிடம் கத்தினேன்.

அவள் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "பத்து பன்னிரண்டுக்குக் கதவை அறைஞ்சீங்க. பதினொண்ணு நாற்பதுக்கு, பேப்பரை ஏன் திருப்பலைன்னு கத்தினீங்க. ஒண்ணரைக்குக் காலை உதைச்சீங்க. கெட்டுப்போன படமெல்லாம் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு பாருங்க."

பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நேரம் குறித்து வைக்கிறது. ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை.

"இது யார் எழுதினது?" என்று, நேற்று நான் எழுதிக் கொடுத்த தாளில் என் கையெழுத்தைக் காட்டினாள். "படம் வேணும்னா கீழே போய் நில்லுங்க."

வேண்டுமே, அதுதானே கொடுமை. எதிர்ச்சாரியில் ஒரு மூடிய கடை வாசலில் நின்று, மச்சானின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் திட்டினேன். அந்த ஏழில் என் மனைவியும் வருகிறாள் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

மூன்றரைக்கு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

"அறுபதும் சுத்தமா வந்துருச்சு. அண்ணன்தான் பட்டனை அமுக்கினாங்க. நான் கம்ப்யூட்டர்ல சேர்த்துக் கடைக்காரருக்கு அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். இன்னும் இருபது கடிகாரம் தர்றாராம். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு எடுத்தா போதுமாம்."

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. மச்சானைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்.

பாதிப் படியில் என் பெட்டி இருந்தது. அதன்மேல் ஒரு சாவி.

"அங்கேயே நில்லுங்க, மேலே எல்லாம் அதிருது" என்றாள் வாசலில் நின்றபடி. "இருபது நாள்தான். அண்ணன் வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு."

இதை மச்சான் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே சிமென்ட் தரை. எவ்வளவு உதைத்தாலும் எதுவும் அதிரவில்லை.