காசலில் நடக்காத கலியாணம்

பொய் சொல்வதற்கும் ஒரு குடும்பப் பழக்கம் வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு அது கிடையாது. அப்பா பொய் சொன்னால் காது சிவக்கும். அம்மா பொய் சொன்னால் கேட்காத விவரமெல்லாம் சேர்த்துச் சொல்லுவா. நான் பொய் சொல்லத் தொடங்கினால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். இப்படிப்பட்ட மூன்று பேர் சேர்ந்து, ஜெர்மனியின் எசன் நகரில் மாடிக்கு மாடி தமிழர் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு பொய்யைச் சொல்லி, அதற்குச் சேலையும் கட்டி, ரயிலேற்றிக் காசல் வரைக்கும் கொண்டு போனோம்.

எல்லாம் என் படிப்பால் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரி. (இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.) உயிரியலில் ஒருமுறை நல்ல புள்ளி எடுத்ததோடு மாடிப்படியில் எதிர்ப்படுகிற எல்லோரும் "என்ன டொக்டர், சுகமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கோயில் திருவிழாவில் ஒரு மாமா முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கேட்டார். நானும் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

அபித்தூர் என்கிற பள்ளி இறுதிச் சோதனை முடிந்தது. முடிவு மிக நன்றாக வந்தது. ஆனால் ஜெர்மனியில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்க மிக நல்ல முடிவு காணாது, நம்பமுடியாத முடிவு வேண்டும். "மருத்துவத்துக்கு விண்ணப்பி, ஆனால் கைகாவலாக வேறொன்றும் வைத்துக்கொள்" என்றார் வகுப்பாசிரியை.

அப்பா ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தார். அது ஒரு முகவரின் தொலைபேசி எண். கிழக்கு ஐரோப்பாவில் காசு கட்டினால் மருத்துவம் படிக்கலாம், கடன் எடுக்கவும் வழி சொல்லித் தருவேன் என்று அந்த மனிதர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா பேக்கரியில் விடியப்புறம் வேலைக்குப் போகிறவர். அதற்கு மேல் மாலையில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலையும் விசாரித்து வைத்துவிட்டார். "அதெல்லாம் எனக்குப் பெரிய வேலையில்லை, பிள்ளை" என்றார். காது செக்கச்செவேல் என்று இருந்தது.

அந்தக் காதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கடனாளியாகாமல் நான் படிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தேடத் தொடங்கினேன். அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லைதான். ஆனால் கைகாவலாக நான் விரும்பிய மருத்துவக் கருவிப் பொறியியல் இருந்த நகரங்களில் அறை வாடகை அப்பாவின் சம்பளத்தை விழுங்கிவிடும். கடைசியில் காசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அதே படிப்புள்ள தனியார் கல்லூரி ஒன்று அகப்பட்டது. மற்றவர்களுக்குக் கட்டணம் கடுமை. சோதனையில் மிக நன்றாகச் செய்த சிலருக்கு மட்டும் கட்டணமும் இல்லை, தங்க அறையும் உண்டு. நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தா. ஒருவருக்கும் தெரியக்கூடாது.

"ரெண்டாவது இடம் தேடுறாள் எண்டு தெரிஞ்சால், முதலாவது கிடைக்கேல்லை எண்டு சனம் தானே முடிவெடுத்துடும்," என்றா அம்மா. "முக்கியமா, மேல்மாடிக்குத் தெரியக்கூடாது."

மேல்மாடி என்றால் பவானி அன்ரி. அவவின் மகன் கஜனும் என் வயது, அவனும் கெட்டிக்காரன், அவனும் 'டொக்டர்'. எங்கள் இருவரின் புள்ளிகளையும் எங்களைவிட எங்கள் தாய்மார்தான் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்குக் காய்ச்சல் வந்தால் மறு குடும்பம் ரசம் வைத்துக் கொடுக்கும். புள்ளிகளைப் பற்றி மட்டும் வாயே திறவாது.

நேர்முகத்துக்கு முதல் நாள் மாடிப்படியில் அன்ரி அம்மாவைப் பிடித்துவிட்டா.

"சாந்தி, நாளைக்கு எங்கையோ வெளிக்கிடுறியள் போல?"

"ஓம் அக்கா. காசல் பக்கம் ஒரு கலியாணம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் பின்னால் நின்று அம்மாவின் கையைக்கூடக் கிள்ளினேன்.

"ஆற்றை கலியாணம்?"

"என்ர ஒண்டுவிட்ட தம்பியின்ர மகளுக்கு. மாப்பிள்ளை டொக்டர். நல்ல உயரம்." (கற்பனை மாப்பிள்ளைக்கும் மருத்துவம் கிடைத்திருந்தது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.)

"எந்த ஊர் ஆக்கள்?"

"கரவெட்டி."

"கரவெட்டியோ? என்ர மச்சாளை அங்கைதானே கட்டிக் குடுத்தது. அப்ப எனக்கும் சொந்தமாயிருக்கும். நானும் வந்திருப்பன், ஆனால் நாளைக்கு எங்களுக்கு ஹனோவரிலை ஒரு அந்தியேட்டி."

அந்தியேட்டி என்பது இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை. அம்மா உடனே முகத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டா. நானும் மாற்றிக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக நடந்த ஒரே நடிப்பு அதுதான்.

மறுநாள் காலை, அப்பா பேக்கரிக்குப் போனபின், கறுப்புக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்குவதாகத் திட்டம். கதவு தட்டப்பட்டது. அன்ரி நின்றா. ஒரு கையில் சேலைக்குக் குத்தும் பின் டப்பா, மறு கையில் பளபளக்கும் தாளில் சுற்றிய பெரிய பெட்டி.

"கலியாணத்துக்குப் போற பிள்ளைக்குச் சேலை கட்டிவிட ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சன். இது பொம்பிளை மாப்பிள்ளைக்கு. ரைஸ் குக்கர். எங்கடை பேரிலை குடுத்துவிடுங்கோ."

எங்கள் கட்டடத்தில் சேலை கட்டுவதென்றால் பவானி அன்ரிதான். அவ கட்டினால் அடுத்த நாள்வரை கலையாது. ஏனென்றால் பின்னுக்கு மேல் பின். அம்மா தன் கூறைச்சேலையை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. "கழுத்து வெறுமையாக் கிடக்கு" என்று அன்ரி ஓடிப்போய்த் தன் நகைப்பெட்டியைக் கொண்டுவந்தா. அட்டிகை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். அத்தனையும் கவரிங். ஆனால் ஊர்க்கோயில் அம்மன் கூட அவ்வளவு மினுங்கியிருக்க மாட்டா. கூந்தலில் மல்லிகையும் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "என்ர கண்ணே பட்டிடும்" என்றா.

அந்த நேரம் முழுக்க அம்மா, கதவு தட்டியதும் என் கோட்டையும் கால்சட்டையையும் திணித்த பையை அன்ரியின் கண்ணில் படாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தா. கடைசியில் அதைக் குளிர்க்கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினா. ரயில் கழிப்பறையில் சேலையைக் கழற்றி மாற்றிக்கொள்வதாக எங்கள் இருவருக்கும் கண்ணால் ஓர் உடன்படிக்கை.

பாடர்போர்ன் தாண்டியதும் நான் எழும்பினேன். "அம்மா, பையைத் தாங்கோ."

அம்மா மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தா. பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தா.

"அம்மா?"

"அலுமாரிக்குள்ளை, பிள்ளை," என்றா.

அன்ரிக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து, எங்களுக்கே தெரியாமல் ஒளித்துவிட்டோம். ரைஸ் குக்கர் மட்டும் பத்திரமாக வந்திருந்தது. எதிரில் இருந்த ஜெர்மன் மூதாட்டி என் கையைத் தடவி, இன்றைக்கு உனக்குத் திருமணமா என்று கேட்டா. அம்மா எனக்கு முந்தி "யா, யா" என்றா. அந்த மூதாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கல்லூரி மண்டபத்தில் எல்லோரும் நீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார்கள். நான் நடந்தால் ஒட்டியாணம் கிலுங்கியது. பேச்சு நின்றது. சுவரோடு ஒட்டி நகர்ந்து மூலையிலிருந்த இருக்கையை அடையப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் சுவரோடு ஒட்டி இருந்தார்கள்.

ஒருவன் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கஜன். பக்கத்தில் சாயம் போன பருத்திச் சேலையில் பவானி அன்ரி.

நால்வரும் பார்த்துக்கொண்டோம். முதலில் பேசியது அம்மா.

"அந்தியேட்டி முடிஞ்சுதோ, அக்கா?"

"முடிஞ்சுது," என்றா அன்ரி. "கலியாணம்?"

"தாலி கட்டியாச்சு."

பிறகு அம்மா மெதுவாக ரைஸ் குக்கர் பெட்டியை அன்ரியின் மடியில் வைத்தா. அன்ரி அதன் தாளைத் தடவிவிட்டு, "நல்ல உயரமான மாப்பிள்ளையோ?" என்றா. அவ்வளவுதான். இருவரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை. கஜன் என் காதருகே வந்து, வருகிற வழியில் மாற்றிக்கொள்ள இருந்ததாகவும் கார் நெரிசலில் மாட்டி அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னான். மாமாவின் கார், ஆகவே மாமாவுக்கும் அந்தியேட்டி என்றுதான் சொல்லியிருந்தார்களாம். அவர் வழி நெடுக, செத்தவர் யார், என்ன வருத்தம் என்று கேட்டபடி வந்தாராம்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த குட்டை முடியோடு ஒரு பேராசிரியை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, கட்டண விலக்கு ஏன் வேண்டும், குடும்ப நிலைமை என்ன என்று மிக மரியாதையாகக் கேட்டா. என் நெற்றிச்சுட்டி மின்விளக்கில் பளிச்சிட்டது. நான் கண்ணாடி முன் நின்று பாடமாக்கிய முதல் வசனம், 'என்னிடமுள்ள மிகச் சிறந்த குணம் நேர்மை'. அதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே சகிக்கவில்லை.

"இது தங்கமில்லை," என்றேன். "அயலவருடையது. நாங்கள் கலியாணத்துக்குப் போவதாக அவருக்குப் பொய் சொன்னோம்."

"ஏன்?"

"இரண்டாவது இடம் தேடுவது தெரியக்கூடாது என்று."

"அப்படியானால் நாங்கள் உங்களுக்கு இரண்டாவது இடமா?"

மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் கீழே தரைவிரிப்பு. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவின் விடியப்புற வேலை, முகவர், கடன், அப்பாவின் காது. மருத்துவம் எனக்கு ஆசையா, மாடிப்படியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த பழக்கமா என்று எனக்கே தெரியாது, ஆனால் எங்கள் வீட்டு இரத்த அழுத்தக் கருவியை மூன்றுமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது என்றேன். இதைச் சொல்லும்போது பெரிதாக மூச்சு இழுத்திருக்க வேண்டும். ஒட்டியாணத்தின் கொளுக்கி தெறித்தது. அது மேசைக் காலில் மோதி, உருண்டு, பேராசிரியையின் சப்பாத்தருகே படுத்தது. குனிந்து எடுத்த அவ, உரிந்துபோன பூச்சின் கீழே தெரிந்த தகரத்தை மற்ற இருவருக்கும் காட்டினா.

"நம்புகிறோம்," என்றா. பிறகு கதவுப்பக்கம் பார்த்து, "வெளியே வெள்ளை உடையில் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் மணமகனா?"

"இல்லை. அவர் இறந்தவர் வீட்டுக் கிரியைக்குப் போகிறவர்."

"ஐயோ, யார் இறந்தது?"

"ஒருவரும் இல்லை," என்றேன்.

மூவரும் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டிருக்கிறது. கலியாணம் நல்லபடி நடக்கிறது என்றாவாம் அன்ரி.

திரும்பும்போது மாமாவின் காரை அனுப்பிவிட்டு நால்வரும் ஒரே ரயிலில் வந்தோம். அம்மா கொண்டுவந்த ரோல்ஸைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். எந்தக் கல்லூரி எவ்வளவு கட்டணம் விலக்கும், எங்கே அறை தருவார்கள் என்று இரண்டு தாய்மாரும் அதுவரை தனித்தனியாகத் திரட்டி ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். பாதிக்கு மேல் ஒரே கல்லூரிகள். இவ்வளவு காலம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்து ஒரே கிணற்றை வெட்டியிருக்கிறோம்.

மருத்துவம் எனக்குக் கிடைக்கவில்லை. காசல் கிடைத்தது, முழு விலக்கோடு. செய்தி வந்தபோது அப்பா பேக்கரி உடுப்போடு கதிரையில் இருந்து, கைபேசியை எடுத்து, அந்த முகவரின் எண்ணை எங்கள் கண் முன்னாலேயே அழித்தார். பிறகு, "எனக்கு இப்பதான் கால் நோகிறது தெரியுது" என்றார். அம்மா சுடுதண்ணீர் வைக்கப் போனா. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அவ்வளவு நிம்மதி. கஜனுக்குக் காத்திருப்போர் வரிசையில் மருத்துவம் கிடைத்தது. இப்போது அவன் உண்மையான டொக்டர். அவன் வேலை செய்யும் மருத்துவமனையில் கருவி பழுதானால் எனக்குத்தான் தொலைபேசி வரும்.

எங்கள் கட்டடத்தில் அன்றிலிருந்து 'கலியாணத்துக்குப் போறம்' என்றால் கல்லூரி நேர்முகத்துக்குப் போகிறோம் என்று அர்த்தம். ஒளிவுமறைவு இல்லை. பிள்ளைக்கு நல்ல புள்ளி, கையில் காசில்லை என்று யார் வந்தாலும் அம்மாவும் அன்ரியும் அவர்களைக் குசினியில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து வழி சொல்லுவார்கள். "முதலிலை உடுப்புப் பையை வெளியிலை வையுங்கோ" என்றுதான் தொடங்குவார்கள்.

போன வருடம் எனக்கு உண்மையாகவே கலியாணம் நடந்தது. சேலை கட்ட அன்ரிதான் வந்தா. ஒரு கையில் பின் டப்பா, மறு கையில் அதே ரைஸ் குக்கர், அதே தாள், மூலை மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது. கடைசிப் பின்னைக் குத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தா. பிறகு தன் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த கறுப்புக் கால்சட்டை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தா.

"என்ன அன்ரி இது?"

"மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான்," என்றா அன்ரி. "எண்டாலும் கைகாவலா ஒண்டு இருக்கட்டும்."