கண்ணாடிக் கண்ணில் முளைத்த நரம்பு

மாடிப்படியில் தொடங்கிய வரிசை தெருமுனை மருந்துக்கடையையும் தாண்டிப் போயிருந்தது. எல்லாரும் ஊதல் ஐயாவைப் பார்க்க வந்தவர்கள். செம்புக் குழாயைக் கண்ணருகே வைத்து ‘ஃபூ’ என்று ஒரே ஊது. கண்ணுக்குள் முளைத்த கெட்ட நரம்பு சிவப்புச் சிவப்பாகத் தட்டில் விழும். மருந்து கிடையாது, கத்தி கிடையாது. மூளைக்கும் வேலை கிடையாது.

வரிசையில் தையல்காரரும் நின்றார். பல வருஷமாகச் சர்க்கரை நோய்க்காரர். கொஞ்ச நாளாக வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதந்தன. ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்த அன்றுதான் பயந்துபோனார்.

ஐயா ஊதினார், நரம்பு விழுந்தது. “இன்னும் ரெண்டு வாட்டி வாங்க, வேரோட வந்துடும்.”

போனார். மிதந்த நூல் கறுப்புத் திரையாகவே ஆனது.

மனைவி பதறிப்போய்த் தன் அண்ணனை வரவழைத்தாள். வெல்டிங் பட்டறைக்காரர். “கிளம்புங்க மாப்ளே” என்று அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். “சர்க்கரையால விழித்திரையோட சின்னக் குழாய்ங்க அடைச்சுப்போச்சு. ஆக்சிஜன் பத்தலை. மூச்சு முட்டினதும் அது ‘ரத்தம் அனுப்பு’ன்னு கூப்பாடு போடுது. அவசரத்துல கண்டபடி புதுக் குழாய்ங்க முளைக்குது. எல்லாம் சோப்பு நுரை மாதிரி; உடைஞ்சு ஒழுகுது.”

“அப்போ ஐயா சொன்னது சரிதானே? முளைச்சிருக்குன்னாரே!” தையல்காரருக்குக் குரலில் தெம்பே வந்துவிட்டது.

“முளைச்சது கண்ணோட பின்சுவர்ல. ஊதினா எப்படிங்க வரும்? ஊசியும் லேசரும்தான் வழி. முன்னாடியே வந்திருக்கலாம்.”

அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு நெஞ்சில் தைத்தது. ஆனாலும் தட்டில் விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாரே! மச்சான் அவர் முகத்தைப் படித்துவிட்டார்.

மறுநாள் தையல்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஐயா முன்னால் மச்சானே உட்கார்ந்தார். “இடது கண்ணு மங்கலா இருக்கு, ஐயா.”

ஐயா இமையை விரித்தார். “அடேயப்பா! புதரா மண்டிக் கிடக்கே!” ஊதினார். மூன்று நரம்பு விழுந்தது. கூட்டம் கை தட்டியது.

மச்சான் நிதானமாக இடது கண்ணைக் கழற்றி அதே தட்டில் வைத்தார். கண்ணாடிக் கண். பட்டறையில் அசல் கண் போய்ப் பல காலம்.

“இதுல எப்படிங்க முளைச்சுது?”

ஐயா வாயைப் பிளந்தார். கன்னத்தில் ஒதுக்கியிருந்த சிவப்புச் சாய நூல்கள் நாக்கோடு வெளியே வந்து தொங்கின.

கூட்டம் முண்டியடித்துத் தட்டை எட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். “கண்ணாடியில இருந்தே நரம்பை எடுத்துட்டாரே! என்ன ஒரு சக்தி!”

தையல்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருடைய இடது கண்ணிலும் நோய் தொடங்கியிருந்தாலும் அதைக் காப்பாற்றிவிடலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. வலது கண்ணுக்கு உறுதி இல்லை. அவர் கும்பிட்டவரின் தோளைத் தொட்டார்.

“கண்ணு கெட்டா டாக்டர் இருக்காங்க, அண்ணே. யோசிக்கிறதுக்கு மட்டும் ஆள் போட முடியாது. அதை நாமளேதான் செஞ்சாகணும்.”